தோளில் தைத்த கரிய ஒட்டு

கீழ்க்கடல் ஓயாது அலையெறிந்து கரையை நனைக்க, கரையினின்று சற்றே உயர்ந்த மணல்மேட்டில் சாந்தோம் திருக்கோயிலின் வெண்கோபுரம் வானை நோக்கி நிற்க, அதற்கு மேற்கே கபாலீச்சுரத்து எழுநிலை மாடத்தில் புறாக்கள் வெயிலாறிச் சிறகுலர்த்த, தெற்கே அடையாற்றின் கழிமுகம் நன்னீரும் உவர்நீரும் கலந்து தயங்கிக் கிடக்க, வடமேற்கே ஏரியைத் தூர்த்தெழுந்த தியாகராய நகரின் புதுவீடுகள் சுண்ணம் மங்காமல் வெளுத்திருக்க, சென்னை மாநகரின் தென்பாகம் ஐப்பசித் திங்களின் பிற்பகலொன்றில் மழையை எதிர்நோக்கியிருந்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு. உலகப்போர் கடலுக்கப்பால் நடந்தது. எனினும் அதன் நிழல் இங்கும் வீழ்ந்து, தெருவிளக்குகளுக்குக் கருந்தாள் சுற்றி, பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டி, கடைகளில் அரிசிக்கு வரிசை நிறுத்தியிருந்தது. முந்திய ஆண்டில் குண்டுவிழுமென்று அஞ்சி ஊரைவிட்டோடியவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டனர். அவர்களுள் ஒருவரும் தாம் ஓடியதாக ஒப்பியதில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போயிருந்ததாகவே சொல்லிக்கொண்டார்கள்.

அறிவுசான்ற அன்பீர், அந்நாளில் மயிலைத் திருக்குளத்தை அடுத்த சந்தொன்றில், மாடிக்கூரையின் பாதியைக் கண்ணாடியால் வேய்ந்து, வடதிசையின் மெல்லொளியை உள்ளிறக்கி, நிழற்படம் எடுத்துவந்தவர் சந்திரமௌலி என்பார். படம் எடுப்பது அவர் தொழில்; எடுத்த படத்தைத் திருத்துவது ஐரின் என்னும் மங்கையின் தொழில். சாந்தோமில் பரங்கியர் காலந்தொட்டு வேரூன்றிய கத்தோலிக்கக் குடியில், பள்ளியாசிரியர் பவுல்சாமியின் மகளாய்ப் பிறந்து, முப்பதை நெருங்கியும் மணம் கூடாது, தந்தைக்குச் சோறு சமைத்து வைத்துவிட்டுக் கடற்காற்றிலே நடந்து வேலைக்கு வருபவள் அவள். சாய்ந்த பலகையில் கண்ணாடித் தகட்டை நிறுத்தி, கீழிருக்கும் ஆடியால் அதற்கு ஒளியூட்டி, ஊசிபோற் சீவிய எழுதுகோலால் புள்ளிமேற் புள்ளியிட்டு, அம்மைத் தழும்பை நிரப்புவாள்; கண்ணடிக் கருமையைக் கரைப்பாள். தகட்டில் கருமையும் வெண்மையும் இடம்மாறி நிற்குமாதலின், தாளில் வெளுக்கவேண்டிய இடத்தைத் தகட்டிலே கருக்கவேண்டும். அந்த நுட்பம் அவள் விரல்களுக்குப் பழகியிருந்தது. மயிலைத் தெருக்களில் அவ்வாண்டுகளில் மணப்பெண்களாய்ச் சட்டத்துள் அமர்ந்தவர்கள் பலர், தம் கன்னத்தின் மென்மைக்கு இறைவனுக்கு மட்டுமன்றி ஐரினுக்கும் நன்றி சொல்லவேண்டியவர்களே.

அத்தகைய நிலையத்திற்கு அப்பிற்பகல் ஓர் அரசர் வந்தார். மேற்கு மலைகளுக்கிடையே கருங்கானம் என்றொரு சிறு பாளையம். அதன் தலைவர் சேந்தப்பர். சென்னையிலிருந்த ஆட்சியாளர் அவரை நிலக்கிழாரென்று எழுதினர். மலைக்குடிகளோ அரசரென்றே தொழுதனர். அவர் நாட்டின் நடுவே நீர்வளம் மிக்க பள்ளத்தாக்கு ஒன்றிருந்தது. படைக்கலக் கிடங்கு அமைப்பதற்கு அது வாய்ப்பான இடமென்று படையினர் கண்டனர். அங்குள்ள சிற்றூர்களைக் காலிசெய்து தருமாறு சேந்தப்பரை அழைத்துவந்து, அடையாற்றங்கரை மாளிகையொன்றில் விருந்தினரென்ற பெயரில் வாயிற்காவலோடு வைத்து, இசையாவிடில் பாளையமே பறிபோகுமென்று இனிய குரலில் அறிவுறுத்தி, அவர் கையொப்பத்தைப் பெற்றுவிட்டனர். ஆனால் மலைமக்கள் எழுத்தறியாதவர்கள். கையொப்பம் கண்டு வீட்டைவிட்டு எழுபவர்கள் அல்லர். அரசரின் முகத்தைக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று சொன்னவன் அரண்மனை மேலாளன் ரகுபதி. அதனாற்றான் முடிசூடிய கோலத்தில் அவரை நிழற்படம் எடுத்து, ஊர்தோறும் தூக்கி, இது மன்னரின் விருப்பமென்று முரசறைய ஏற்பாடாயிற்று.

பொற்குச்சம் அசையும் தலைப்பாகையும், முத்துவடமும், பொன்விளிம்பிட்ட வெண்பட்டு மேலாடையும் அணிந்து சேந்தப்பர் மாடியேறினார். எல்லாம் அரசக்கோலமே. இடத்தோளில் மட்டும், இரண்டு விரல் அகலத்தில், முரட்டுக் கம்பளித் துண்டொன்று கரியதாய் ஒட்டித் தைக்கப்பட்டிருந்தது.

அரசர் உடுத்தியவையெல்லாம் அழகுக்காகவே உடுத்தப்பட்டன என்று எண்ணுவோர் வரலாற்றைப் பாதியே படித்தவர்கள். பேரரசர் முன்னே மேலாடையைத் தோளினின்று இறக்கி இடையிற் கட்டிக்கொண்ட மன்னன், வாய்திறவாமலே தான் அடங்கியவன் என்றான். வென்றவன் தோற்றவனுக்குப் பட்டாடை அனுப்பினால் அது பரிசன்று, நுகத்தடி. அதை உடுத்தியவன் உழுதே தீரவேண்டும். பின்வந்த ஆங்கிலேயரும் இந்தப் பாடத்தை விரைவிற் கற்றுக்கொண்டு, எந்த அரசன் காலணியோடு அவையேறலாம், எவன் வாசலிலே கழற்றவேண்டும் என்று வகுத்து, அதனாலேயே பல குடிகளின் உறக்கத்தைக் கெடுத்தார்கள். இவ்வாறு உடையே ஆணையாய் நடந்த காலத்தில், கருங்கானத்தின் முன்னோன் ஒருவன் ஆர்க்காட்டுப் படைக்குத் தோற்று, வென்றவர் அளித்த அங்கியை உடுத்தி ஊர் திரும்ப நேர்ந்தது. மறுத்தால் ஊர் எரியும். உடுத்தினால் பெயர் எரியும். அவன் என்செய்தான்? தன் பழங்கம்பளியிலே ஒரு துண்டைக் கிழித்து, அந்தப் பட்டங்கியின் இடத்தோளில் தைத்துக்கொண்டு வந்து நின்றான். ஆடை பிறருடையது, ஒட்டு என்னுடையது என்பதை மக்கள் பேசாமலே உணர்ந்தார்கள். அன்றுமுதல் அந்நாட்டில் ஒரு வழக்கம் நிலைத்தது: தோளில் ஒட்டோடு அரசன் சொல்லும் சொல் அவனுடைய சொல்லன்று, வற்புறுத்திப் பெற்றது, அது குடிகளைக் கட்டாது. இவ்வழக்கத்தை மலைக்குடிகள் வெளியார்க்கு உரைப்பதில்லை.

ரகுபதி சமவெளியிலிருந்து வந்தவன். சட்டம் அறிவான், மலை அறியான். அவன் அந்த ஒட்டைக் கண்டு, கிழிந்ததைத் தைத்து உடுத்தும் கஞ்சத்தனமென்று உள்ளுக்குள் நகைத்துக்கொண்டான். அதைத் தைத்தவன் அம்மாசி என்னும் ஏவலாளன். அரசரோடு மலையிலிருந்து இறங்கிவந்த ஒரே குடிமகன். அன்று விடியலில் அடையாற்று மாளிகையின் சமையற்கட்டில் அமர்ந்து, தன் போர்வையினின்று கிழித்த கம்பளியை நான்கு மூலையும் இறுகத் தைத்து, நூலைப் பல்லாற் கடித்து, தொழுது தோளில் இட்டவன் அவன்.

சந்திரமௌலி கருந்துணிக்குள் தலைநுழைத்து, வெளிவந்து, கைகூப்பினார்.

“மகாராஜா அசையப்படாது. நான் சொல்றவரைக்கும் அப்படியே மூச்சைப் பிடிச்சுண்டு இருக்கணும்.”

படக்கருவியின் மூடி விலகியது, அறை அமைதியாயிற்று, மூடி மீண்டது. அரசரும் ரகுபதியும் படியிறங்கிய பின்னர் சந்திரமௌலி ஐரினிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கொஞ்சம் அசைஞ்சுட்டார்மா. இன்னொரு தகடு போடலாம்னா, இந்த யுத்த காலத்துல தகட்டுக்கு எங்கே போறது? நீதான் பாத்துக்கணும்.”

“நான் பாத்துக்கறேன் சார். குடுங்க.”

தகட்டைப் பலகையில் நிறுத்திப் பார்த்த ஐரினுக்கு முதலில் தோன்றியது இரக்கம். எவ்வளவு பெரிய மனிதர், கிழிந்த மேலாடையை உடுத்தி வந்திருக்கிறாரே, போர்க்காலம் அரசரையும் விடவில்லையே என்று வருந்தினாள். ஊரெல்லாம் தூக்கப்போகும் படத்தில் இவ்வறுமை தெரியலாமா? எழுதுகோலைச் சீவினாள். வெண்பட்டின் மடிப்பும் மினுக்கும் கெடாதபடி, அந்த இரண்டு விரல் அகலத்தையும் புள்ளிபுள்ளியாய் நிரப்பினாள். அதற்குச் சற்றுக் கீழே, மார்பின்மேல் புகைபடர்ந்தாற்போல் ஒரு கறையும் இருந்தது. தகட்டின் குற்றமென்று கருதி அதையும் துடைத்தெடுத்ததுபோல் மறைத்தாள். மாலைவரை உழைத்து நிமிர்ந்தபோது, தான் செய்தவற்றுள் இதுவே தலைசிறந்ததென்று அவளுக்கே தோன்றியது. செருக்கென்று அதைச் சொல்லமுடியாது. நல்ல வேலை செய்தவர்க்குக் கழுத்துவலியோடு வரும் மகிழ்ச்சி அது.

மறுநாள் சேந்தப்பர் படத்தைப் பார்க்க வந்தார். தாளை ஒளியில் ஏந்தி நெடுநேரம் நோக்கினார். அவர் வலக்கை தானாகவே இடத்தோளுக்கு எழுந்து, அங்கே சிறிது தங்கி, இறங்கியது. ரகுபதி அருகில் நின்றான்.

“நல்லாயிருக்கும்மா,” என்றார் அரசர், ஐரினைப் பாராமல்.

அவ்வொரு சொல்லை அவள் வீட்டிற்குக் கொண்டுசென்று தந்தையிடம் சொல்லி, உணவின்போது மறுபடியும் சொன்னாள். பவுல்சாமி மகளின் திறமையைத் திருச்சபைத் தோழர்களிடம் சொல்லி மகிழ்ந்தார்.

ஓராண்டு கழிந்தது. மீண்டும் மழைக்காலம் வந்த ஒருநாள், நனைந்த கோணித்துண்டைத் தலையில் கவிழ்த்த மெலிந்த மனிதனொருவன் மாடிப்படியில் தயங்கி நின்றான். அரசரோடு முன்பு வந்து வாயிலில் காத்திருந்த ஏவலாளனென்று ஐரின் அடையாளம் கண்டாள். சந்திரமௌலி அப்போது நிலையத்தில் இல்லை.

“யம்மா, எங்க எசமான் படத்தை வச்சுக்கினு வேலை செஞ்சது நீங்கதானா?”

“ஆமா பெரியவரே. உள்ள வந்து உக்காருங்க. என்ன வேணும்?”

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கினு போயிடறேன். படம் புடிக்கச்சொல்ல அவரு இடது தோள்ல கறுப்பா ஒரு ஒட்டு இருந்துச்சா?”

ஐரினின் கையிலிருந்த எழுதுகோல் நின்றது. “எதுக்குக் கேக்கறீங்க?”

அம்மாசி நின்றபடியே சொன்னான். முன்னோன் அணிந்த அங்கியைச் சொன்னான். வெளியார்க்கு உரைக்கக்கூடாத வழக்கத்தை, உரைக்கவேண்டிய நிலைமை வந்துவிட்டதே என்று நொந்தபடி சொன்னான். பின்பு, “அத்தத் தைச்சது நான்தான்மா. ஆனா ஊர்ல மாட்டுன படத்துல ஒட்டு இல்ல. சனம் மொதல்ல தோளைத்தான் பாத்துச்சு. ஒட்டு இல்லன்னதும், ராசா மனசாரத்தான் சொல்றாருன்னு ஒருத்தரும் எதுத்து நிக்கல. மூட்டையக் கட்டிக்கினு மழையில கீழ எறங்கிட்டாங்க. கொட்டாயி போட்டுக் குடுத்தானுங்க. அந்தக் கொட்டாயில காய்ச்சல் வந்துச்சு. என் பொண்டாட்டியும் அதுல போயிட்டா,” என்றான்.

ஐரின் எழுதுகோலைப் பலகையில் வைத்தாள்.

“இப்ப ஊர்ல ரெண்டு பேச்சு கீது. ராசா பயந்துக்கினு அத்தப் பிச்சுப் போட்டுட்டாருன்னு பாதிப்பேர். நான் தைச்சது கெட்டியா இல்லாம வுழுந்துடுச்சுன்னு பாதிப்பேர். அன்னிக்கு எசமான் எறங்கி வரச்சொல்ல நான் தோளைக் கவனிக்கல, அப்பறம் அந்த உடுப்பு என் கண்ணுலயே படல. எது நெசம்னு தெரிஞ்சா போதும். நீங்க கிட்டக்க வச்சுப் பாத்திருப்பீங்க இல்ல?”

உண்மை அவள் நாவின் நுனிவரை வந்தது. ஆம், இருந்தது, நான்தான் மறைத்தேன் என்று சொல்லச் சில சொற்களே போதும். அன்பீர், கொடுமை செய்யத் துணியாத நல்லோர் பலர், தாம் செய்ததைச் சொல்லத் துணியாமையால் கொடியவராகிறார்கள். அவள் அம்மனிதனின் வெற்றுக் காலைப் பார்த்தாள். அவன் மனைவியை எண்ணினாள். அவன் தன்னை எப்படிப் பார்ப்பானோ என்று அஞ்சினாள்.

“எத்தனையோ படம் வருது பெரியவரே. எனக்கு நினைவில்லை,” என்றாள்.

“பரவால்லம்மா. நான் சிந்தாதிரிப்பேட்டையில ஆத்தோரமா மூட்டை தூக்கிக்கினு கீறேன். எப்பனா நெனப்பு வந்தா அம்மாசின்னு கேளுங்க, காட்டுவாங்க.”

அவன் கோணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கினான். அவள் சாளரத்தருகே போகவில்லை. போனால் கூப்பிட்டுவிடுவோம் என்று பயந்தாள்.

அன்றிலிருந்து ஐரினுக்கு உறக்கம் பிடிப்பதில்லை. சாந்தோம் கோயிலில் முழங்காலிட்டுப் பங்குத்தந்தையிடம் பாவமறிக்கை செய்தாள். அறியாமற் செய்தது பாவமாகாது மகளே என்றார் அவர். அறியாமற் செய்ததைத்தான் அவள் அவரிடம் சொல்லியிருந்தாள்; அறிந்து சொன்ன பொய்யைச் சொல்லவில்லை. ஆதலின் மன்னிப்பு அவள் தலையைத் தொட்டது, நெஞ்சுக்குள் இறங்கவில்லை. மணப்பெண்களின் மருவை நிரப்பும்போதெல்லாம் இது யாருக்கு என்ன அடையாளமோ என்று எழுதுகோலை ஒருகணம் விலக்குவாள். சிந்தாதிரிப்பேட்டை வழியே போகவேண்டியிருந்தால் சுற்றுவழியிற் போவாள். போர் முடிந்தது, கொடி மாறியது, நாடு விடுதலை பெற்ற நள்ளிரவில் ஊரே தெருவில் நின்று ஆர்ப்பரித்தபோது, அவள் மட்டும் கதவருகே நின்று, இனி அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்குத் திரும்புமோ என்று எண்ணிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

நாற்பத்தெட்டாம் ஆண்டின் பங்குனியில், அறுபத்துமூவர் விழாக்கூட்டம் தெருவை அடைத்திருந்த நாளொன்றில், சந்திரமௌலி விசிறியால் விசிறிக்கொண்டே ஒரு செய்தி சொன்னார்.

“தெரியுமோ ஐரின், நம்ம கருங்கானம் ராஜா இப்போ மாம்பலத்துல என் மச்சினன் ஆத்து மாடியில குடியிருக்கார். மலையில அவருக்கு ஒருத்தரும் விளக்குக்கூட ஏத்தமாட்டேன்னுட்டாளாம். தோள்ல ஒட்டுப்போட்ட துணிதான் எப்பவும். கஷ்டகாலம்.”

“ஒட்டு எந்தத் தோள்ல சார்?”

“இடது தோள்ல. அதையெல்லாம் யார் பாக்கறா?” என்றவர், பழைய தகடுகளைச் சுரண்டிக் கண்ணாடிக் கடைக்குப் போடப்போவதாகவும், வேண்டியதை எடுத்து வைக்குமாறும் சொல்லிவிட்டுச் சென்றார்.

தகட்டுக் குவியலில் அவள் தேடியது ஒன்றுதான். அது கிடைத்தது. கற்பூரத்தைலம் தோய்த்த பஞ்சால் அதன்மேல் மெல்லத் துடைத்தாள். பல ஆண்டுகளுக்கு முன்னே தன் கையால் இட்ட புள்ளிகளெல்லாம் பஞ்சிலே கருமையாய் ஏறி வந்தன. தாளிலே படம் பதித்து நீரில் அலசியபோது, இடத்தோளில் அந்தக் கரிய ஒட்டு நான்கு மூலையோடும் தெளிவாய் எழுந்தது. அவள் கண் பனித்தது. ஆனால் அதற்குக் கீழே, மார்பின்மேல், தகட்டின் கறையென்று தான் மறைத்த அந்தப் புகையும் எழுந்தது. தகட்டில் கருமையும் வெண்மையும் மாறிக் கிடந்தபோது அது கறை. தாளில் நேராய்ப் பார்க்கையில் அது ஒரு கை. மடியினின்று எழுந்து, விரல்களை விரித்து, ஒட்டை மூடுவதற்கென்று ஏறி, எட்டுவதற்குள் படக்கருவியின் மூடி மீண்டுவிட்டதால் பாதியில் பதிந்த கை.

ஐரின் அந்த ஈரத்தாளை ஏந்தியபடி நெடுநேரம் நின்றாள். அவள் நெஞ்சில் முதலில் எழுந்தது ஆறுதல்தான். அதை மறைப்பதில் பயனில்லை. நான் ஒருத்தி மட்டுமல்ல என்ற ஆறுதல். அடுத்து, அவ்வாறு ஆறுதல் கொண்டதற்காகவே வெட்கம் வந்தது. அம்மாசியிடம் பொய் சொன்ன நா தன்னுடையதுதானே? படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாம்பலத்துத் தியாகராய நகரை நோக்கி நடந்தாள்.

ஒற்றையறை மாடியில் சேந்தப்பர் பாயில் அமர்ந்திருந்தார். நரைத்திருந்தார். தோளிலே நைந்த பருத்தித்துண்டு. அதில் கரிய ஒட்டு. ஐரின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாசி கேட்டதையும், தான் மறுமொழி சொன்னதையும் விடாமல் சொன்னாள்.

“ஒட்டை அழிச்சது தெரியாமத்தான் ஐயா. அவர்கிட்ட மறைச்சது தெரிஞ்சு. உங்க ஜனங்க உங்களைத் தூற்றினது என்னாலதான்,” என்று முடித்து, படத்தை அவர்முன் வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். ஒட்டைப் பார்த்தார், பிறகு அதற்குக் கீழே பார்த்தார். அவர் பேசத் தொடங்கியபோது குரல் மிகவும் மெல்லியதாயிருந்தது.

“மறுநாள் வந்து படத்தைப் பார்த்தேன், நினைவிருக்காம்மா? ஒட்டு இல்லைங்கறது பார்த்தவுடனே தெரிஞ்சுது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க திருத்தியிருப்பீங்க.”

“ஏன் சொல்லலை, ஐயா?”

“ஒட்டைப் பார்த்தா ஜனங்க எதிர்த்து நிப்பாங்க. அப்புறம் என்னைக் கேப்பாங்க. என் பாளையம் போகும், நானும் போவேன். அந்தப் பயம் நாற்காலியில உக்காந்தபோதே வந்துடுச்சு. இதோ, கை எழுந்திருக்கு பாருங்க. நீங்க அதை எனக்காகச் செஞ்சு முடிச்சீங்க. யார் செஞ்சதோ, நான் இல்லைன்னு இத்தனை வருஷம் மூச்சு விட்டேன். அதனாலதான் தினமும் ஒட்டோட திரியறேன். பார்க்கிறவன், அன்னைக்கும் அரசன் இப்படித்தான் இருந்தான்னு நினைக்கட்டும்னு.”

கீழே தெருவில் பூக்காரி கூவிச் சென்றாள். 

“அம்மாசி இங்கதான் ஐயா இருக்கார், சிந்தாதிரிப்பேட்டையில. தன் தையல்தான் விட்டுப்போச்சோன்னு நினைச்சுக்கிட்டு இருப்பார்,” என்றாள் ஐரின்.

சேந்தப்பர் எழுந்தார்.

கூவத்தின் கரையில், மரக்கிடங்குகளும் சாக்குக் குவியல்களும் நெருங்கிய தெருமுனையில், பகல்வேலை முடிந்து முகம் கழுவிக்கொண்டிருந்த அம்மாசி அவர்களைக் கண்டதும் தலைத்துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு நின்றான். வெறுப்பிருந்தும் பழக்கம் அவன் கையை முந்திக்கொண்டது. ஐரின் படத்தை நீட்டினாள். அவன் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினான். முதலில் தோளைப் பார்த்தான்.

“கீது,” என்றான். விரல்நுனியால் ஒவ்வொரு மூலையையும் தொட்டான். “நான் போட்ட தையல்தான். நாலு பக்கமும் கெட்டியாத்தான் கீது. வுழல.”

அவன் அழுதான். அழுதுகொண்டே குனிந்து அரசரின் காலைத் தொட்டான். தவறாக எண்ணிவிட்டேன் எசமான் என்று பலமுறை சொன்னான். பிறகு நிமிர்ந்து மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

“இது இன்னாம்மா, கீழ பொகை மாரி?”

“அது தகட்டுல இருந்த அழுக்கு பெரியவரே,” என்றாள் ஐரின். சொன்ன பிறகே தான் சொன்னதை அவள் உணர்ந்தாள். அழுதவன் முகத்தில் வந்த அமைதியைக் கெடுக்க மனமின்றி, பழகிய கை புள்ளியிடுவதுபோல் நாவும் தானாகவே மறைத்துவிட்டது.

“அழுக்கு இல்ல அம்மாசி,” என்றார் சேந்தப்பர். “என் கை. ஒட்டை மறைக்கப் போன கை. இந்தம்மா அழிச்சது தெரியாம. நான் பார்த்தும் பேசாம இருந்தது தெரிஞ்சு.”

“எனக்கும் தெரியும், பெரியவரே,” என்றாள் ஐரின். “நீங்க வந்து கேட்டப்போ எல்லாம் நினைவிருந்துச்சு. பொய் சொன்னேன்.”

அம்மாசி இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். வைவான் என்று எதிர்பார்த்தார்கள், வையவில்லை. அங்கிருந்த மரக்கட்டையின்மேல் மெல்ல அமர்ந்தான்.

“சாவறப்பகூட என் பொண்டாட்டி சொன்னா,” என்றான். “ராசா சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு.”

 ஆற்றுக்காற்று சாக்குகளின் மணத்தோடு வீசியது. அரசர் அவன் கையிலிருந்த படத்தை வாங்கிக்கொண்டார்.

“ஊருக்குப் போறேன் அம்மாசி. இந்தப் படத்தை நானே காட்டறேன். அடிச்சாலும் சரி.”

“போங்க. ஆனா இத்தோட போவாதீங்க.” அம்மாசி எழுந்து, அவர் இடத்தோளைச் சுட்டினான். “ஒட்டோட நின்னு நீங்க இன்னா சொன்னாலும் அது உங்க வார்த்தை இல்லன்னு சனம் எழுந்து போயிடும். இந்தத் தடவையாவது உங்க வார்த்தையா இருக்கணும்.”

அவன் அருகில் வந்தான். முன்பு பட்டாடையில் ஒட்டைத் தைத்தவன் எவனோ அவனே, இந்தத் துண்டின் தையல் முனையைத் தேடி, குனிந்து பல்லாற் கடித்து, நூலை இழுத்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் சேந்தப்பர் தம் கையால் மேலும் மேலும் தைத்து இறுக்கியிருந்தமையால் அது எளிதில் வரவில்லை. கடைசி இழை அறுந்தபோது ஒட்டு அவன் உள்ளங்கையில் வீழ்ந்தது. அதை அவன் எறியவில்லை, இடுப்பிலே செருகிக்கொண்டான்.

ஒட்டு இருந்த இடத்தில் துணி பழைய வெண்மையோடு இருந்தது. சுற்றியிருந்ததெல்லாம் வெயிலிலும் வியர்வையிலும் பழுத்திருக்க, அந்த இரண்டு விரல் அகலம் மட்டும் ஊசித்துளைகள் சூழ, புதிதாய்த் தெரிந்தது. ஐரின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கிய ஒன்று நீங்கியதாகவே தெரிவதைப் பார்க்க அவள் கண்ணுக்குப் பழக்கமில்லை. எவ்வளவு தேர்ந்த எழுதுகோலாலும் நிரப்பிவிடமுடியாத அவ்விடத்தை, நிரப்பவேண்டுமென்று அவள் விரல்கள் அன்றைக்கும் துடிக்கத்தான் செய்தன. சேந்தப்பர் தோளை மூடிக்கொள்ளவில்லை. படத்தைத் துணியிற் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புகைவண்டி நிலையத்திற்கு வழி கேட்டு, அம்மாசி காட்டிய திசையிலே நடந்தார்.

ஆட்சிகள் மாறின; முடிகள் கண்காட்சிப் பேழைக்குள் புகுந்தன; பொற்குச்சங்கள் எடைபோட்டு உருக்கப்பட்டன. மன்னர் உடுத்திய மொழியைப் படிக்கவல்லார் இன்று அரியர். ஆயினும் அஞ்சுகின்ற கையும், அதன்மேல் அன்போடு புள்ளியிட்டு மறைக்கின்ற கையும் எந்த ஆட்சியிலும் மாறியதில்லை. ஐரின் அன்று மாலை கடற்கரை வழியே வீடு திரும்பி, தந்தை உண்ணும்வரை அருகில் அமர்ந்திருந்து, அரசர் ஒருகாலத்தில் தன் வேலையை நல்லாயிருக்கிறதென்று சொன்னாரே, அது ஏன் என்பதை முதன்முறையாகத் தந்தைக்குச் சொன்னாள்.